பெயிலானால் காசு வேண்டாம்

கணக்கு எழுதுகிறவளுக்கு இரண்டு பக்கமும் சரியாக வந்து நின்றால் அன்றைக்கு நல்ல தூக்கம் வரும். ஆனால் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட வீடு, அந்தப் பக்கம் பிறந்த வீடு என்று எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, நடுவில் அவளை இருத்தி, “நீயே ஒரு தொகையைப் போடும்மா, நாங்க கையெழுத்துப் போடுறோம்” என்றால் அவள் என்னதான் செய்வாள்?

அவளுடைய அண்ணனும் கணவரும் கூட்டாக ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட்டாளிகள். கூட்டாளியின் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனவர் அவள் கணவர். “ஒரு பழைய காரையும் ஒரு தங்கச்சியையும் சேர்த்து என் தலையில கட்டிட்டாரு. காரை எப்பவோ வித்துட்டேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் இருவருக்கும் வாடா போடாதான். தாலி ஏறிய மறுநாள் அது “வாங்க மாப்ள, சொல்லுங்க மச்சான்” என்று மாறிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் அந்தப் பழைய ‘டா’ எட்டிப் பார்க்கும்.

மருந்துக்கடைக்கும், மூடிப்போன ஒரு பேங்குக்கும் நடுவில் இருந்தது அந்த ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். மூலையில், உள்ளே இருப்பது தெரியும்படி பாதியாக அறுத்து வைத்த ஒரு கியர் பாக்ஸ். யாரும் அதைப் பார்த்ததில்லை. டீ டம்ளர் வைக்கத்தான் உபயோகப்பட்டது. வெளியே மூன்று கார்கள். ஒவ்வொன்றிலும் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக். அண்ணன் மேசையில் இருப்பார்: போன், நேரம் ஒதுக்குவது, லைசன்ஸ் ஆபீஸ் வேலை. கணவர் காரில் இருப்பார். வேலைக்கு வைத்த டிரைவர் ஒருவன் இன்னொரு காரில். மூன்றாவது கார், முதல் இரண்டில் ஒன்று படுத்துக்கொள்ளும் நாளுக்காக.

போர்டில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. ஊருக்கு அது ‘மெதுவா வாத்தியார் ஸ்கூல்’. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களிடம் கணவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். “மெதுவா… மெதுவா… ரோடு எங்கயும் ஓடிடாது.” அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. வாய் மெதுவாகச் சொல்லும், கால் வேகமாகப் பிரேக்கை மிதிக்கும். அப்படி மிதித்து மிதித்து அவர் முழங்கால் தேய்ந்துபோனது. “இனிமே அந்தப் பெடல்ல கால் வெச்சீங்கன்னா, அடுத்த வருஷம் படிக்கட்டுலயே கால் வைக்க முடியாது” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆகவே வாத்தியார் விலகுகிறார், அண்ணன் தனியாக நடத்துகிறார் என்று முடிவானது. வாத்தியாரின் பாதிப் பங்கைக் கொடுக்க வேண்டும். கார்களுக்கு விலை போட்டார்கள், தகராறு இல்லை. மேசை நாற்காலிக்குப் போட்டார்கள், சிரித்துக்கொண்டே முடிந்தது. கியர் பாக்ஸை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். அப்புறம்தான் வாத்தியார் கேட்டார்.

“எல்லாத்துக்கும் போட்டாச்சு. பேருக்கு?”

அண்ணன் நிமிர்ந்தார். “எந்தப் பேருக்கு?”

“ஊர்ல சொல்றாங்களே, அந்தப் பேருக்கு.”

“மாப்ள, பேரு உங்க பேருதான். இல்லைங்கலை. ஆனா நீங்க வீட்டுக்குக் கிளம்புறீங்க. அதுவும் உங்க கூடவே வண்டி ஏறிப் போயிடும். போற பொருளுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?”

“பேரு என்ன செருப்பா மச்சான், போறப்ப மாட்டிக்கிட்டுப் போக? நாளைக்கும் இங்கதான் ஆள் வருவான். மெதுவா வாத்தியார் ஸ்கூல் எதுன்னு கேட்டு இந்தப் படியிலதான் ஏறுவான். அவன் கொடுக்கிற காசு உங்க டிராயர்லதான் விழும்.”

“வந்து, வாத்தியார் எங்கன்னு கேப்பான். என்ன சொல்ல? முட்டி வலின்னா?”

அண்ணி அங்கேதான் இருந்தாள். சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில் அண்ணனைக் கூட்டிப்போக வருவது அவள் வழக்கம். “பேரு பேருன்னு ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீங்க. வாசல்ல தொங்குற போர்டுக்குப் பெயிண்ட் அடிங்கன்னு நான் எத்தனை வருஷமா கத்துறேன். அதுக்குக் காசில்லை” என்றாள்.

“நீ சும்மா இரு” என்றார் அண்ணன்.

“சும்மா இருந்துதான் பாதி எழுத்து உதிர்ந்துபோச்சு.”

இருவரும் கணக்கு எழுதுகிறவளைப் பார்த்தார்கள். அவள் வேறொரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள்; இந்த ஸ்கூல் கணக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே எழுதிக் கொடுப்பாள். ‘ஆடிட்டரம்மா’ என்று அண்ணன் கிண்டல் செய்வார். அன்று கிண்டல் இல்லை.

“பாப்பா, நீ சொல்லு. இந்தப் பேருக்கெல்லாம் கணக்குல எடம் இருக்கா?”

“இருக்குண்ணே. குட்வில்னு பேரு. இந்தக் கார், மேசை, பேங்க்ல கெடக்குற காசு எல்லாத்தையும் கூட்டினா ஒரு தொகை வருதுல்ல? ஸ்கூலை அப்படியே முழுசா வாங்குறவன் அதுக்கு மேல எவ்வளவு கொடுப்பானோ, அந்த மேல்காசுதான்.”

“பாத்தீங்களா” என்றார் வாத்தியார்.

“எதுக்குக் கொடுப்பான்?” அண்ணன் விடவில்லை. “பலசரக்குக் கடைன்னா வந்தவனே மாசாமாசம் வருவான். இங்க வந்தவன் திரும்பி வருவானா? நாம ஒழுங்கா சொல்லிக் கொடுத்தா அவன் நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டான். ரெண்டாவது தடவை ஒருத்தன் வந்தான்னா அவன் பெயிலாயிட்டான்னு அர்த்தம். வாடிக்கையே இல்லாத கடைக்கு என்ன குட்வில்லு?”

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. வாத்தியார் சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயம் மோதினால் நடுவில் இருப்பவருக்குத்தான் அடி.

“நீயே கணக்குப் போட்டுச் சொல்லு பாப்பா” என்றார் அண்ணன். “நீ போடுற தொகைக்கு நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.”

“நானும்தான்” என்றார் வாத்தியார்.

நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்குப் பாதியாகச் சுமந்ததை இருவரும் இறக்கி, முழுசாக அவள் தலையில் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். தொகை பெரிதாக வந்தால், ‘புருஷன் பக்கம் சாஞ்சுட்டா’ என்று பிறந்த வீட்டு வாசல் குறுகும். சின்னதாக வந்தால் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் லீவு. சமையலை முடித்துவிட்டுக் கணக்கை விரித்தாள். வாத்தியார் எதிரே நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் அவர் கால் தரையை அழுத்தும். பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். அடுத்தவர் ஓட்டும் எந்த வண்டிக்கும் அவர் கால்தான் பிரேக்.

வழி ஒன்றும் புதிதல்ல. கடந்த சில வருஷ லாபத்தின் சராசரியை எடுக்க வேண்டும். கூட்டாளிகள் இருவரும் செய்யும் வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன சம்பளம் ஆகுமோ அதைக் கழிக்க வேண்டும். போட்ட முதலுக்குப் பேங்க் கொடுத்திருக்கக்கூடிய வட்டியையும் கழிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சினால், அந்த மிச்சம் பேரால் வந்தது. அதை இத்தனை வருஷத்துக்கு என்று பெருக்கினால் குட்வில்.

கழித்தாள். மிச்சம் வரவில்லை. ஏதோ விட்டுப்போனது என்று மறுபடி கழித்தாள். அப்போதும் வரவில்லை; சைபருக்குக் கீழே கொஞ்சம் போனது. இருவரும் மாதம் எடுத்துக்கொண்ட பணம், வேலைக்கு வைத்த டிரைவரின் சம்பளத்தைவிடக் கம்மி. அந்த ஸ்கூலிலேயே அதிகம் சம்பாதித்தவன் அவன்தான். முதலாளிகளுக்கு நியாயமான சம்பளம் என்று ஒன்றைப் போட்டால் ஸ்கூலே நஷ்டம்.

ஊரெல்லாம் பேர். கணக்கில் சைபர்.

லாபம் எங்கே போனது என்று யோசிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. உதிர்ந்த போர்டின் அடியில் இன்னும் உதிராமல் இருந்த ஒரு வரி அவளுக்குத் தெரியும்: ‘பெயிலானால் காசு வேண்டாம்.’ ஒருமுறை பணம் கட்டினால் போதும். டெஸ்டில் தோற்றுவிட்டு வந்தால் பாஸாகும் வரைக்கும் மறுபடி சும்மா சொல்லிக்கொடுப்பார்கள். ஆரம்பத்தில் ஆள் பிடிக்க வாத்தியார் எழுதிய வரி. அப்புறம் அதை அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. தெருமுனைத் தையல்காரம்மா அந்த வரியை நம்பி வந்து, ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரியாமல் பெயிலாகி, பெயிலாகி, லைசன்ஸ் ஆபீஸில் இருக்கிறவர்களே “வாங்கம்மா, இன்னைக்கு என்ன, அதே இடம்தானா?” என்று விசாரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டாள். கடைசியில் பாஸானாள். அன்றிலிருந்து ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். அளவு கொடுக்க நிற்கிறவர் கையைத் தூக்கிக்கொண்டு கேட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு கடையிலிருந்தே எத்தனையோ பேர் வந்தார்கள்.

பேரை உண்டாக்கியதும் அந்த வரிதான். லாபத்தைத் தின்றதும் அந்த வரிதான்.

அவள் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சும்மா வகுப்புகளுக்கெல்லாம் காசு வாங்கியிருந்தால்? இப்போது மிச்சம் வந்தது. பெருக்கி, பாதியாக்கினால், வாத்தியாருக்குச் சேர வேண்டியது ஏறக்குறைய ஒரு காரின் விலை. கார், மேசைக்கான பங்கைக் கொடுத்த பிறகு அண்ணனிடம் அவ்வளவு பணம் மிஞ்சாது. மூன்று காரில் ஒன்றை விற்றால்தான் உண்டு.

அதாவது அண்ணன் இனிமேல் அந்த வரியை என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் தொகை. அழித்தால் ஒரு கார். அப்படியே வைத்தால் சைபர்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணன்.

“பாப்பா, இன்னைக்கும் ஒருத்தன் பெயில். நேரா வந்து, ‘அடுத்த கிளாஸ் எப்போ’ன்னு ஜம்முன்னு நிக்கிறான். இவனுங்ககிட்டக் காசு வாங்கியிருந்தா நான் இந்நேரம் மாடி கட்டியிருப்பேன். உன் புருஷன் மட்டும் போகட்டும், முதல் வேலையா…”

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் போதும். ‘முதல் வேலையா என்னண்ணே?’ அவ்வளவுதான். அண்ணன் கள்ளம் கபடம் இல்லாமல் சொல்லிவிடுவார். சொன்னதையே ஆதாரமாக வைத்து ஒரு காரின் விலையை எழுதிவிடலாம். அதில் பொய்யும் கிடையாது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே டிவியில் ஏதோ வண்டி திரும்பியது. வாத்தியார் கால் தரையை அழுத்தியது.

“நாளைக்கு நேர்ல பேசிக்கலாம்ணே” என்று போனை வைத்தாள். தெரியாமல் வாயைக் கொடுத்தவனிடம் வாங்குவது கணக்கு ஆகாது. அவளுக்கு அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் அறையில் நால்வரும் கூடினார்கள். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். “ரெண்டு தொகை இருக்கு. பெயிலானவங்களுக்குச் சும்மா சொல்லிக் கொடுக்கிற வரைக்கும் இந்த ஸ்கூலோட குட்வில் சைபர். காசு வாங்க ஆரம்பிச்சா, அண்ணன் இவருக்கு இவ்வளவு கொடுக்கணும்.” தொகையைச் சொன்னாள். “இப்ப சொல்லுண்ணே. இனிமே எப்படி நடத்தப்போற?”

அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

“என்ன பாப்பா இது? வாங்குவேன்னா கார் போகும், வாங்க மாட்டேன்னா காசு மிச்சமா? இதுக்கு நல்லவனாவே இருந்துட்டுப் போறேன். சும்மாதான் சொல்லிக் கொடுப்பேன். போர்டு அப்படியே இருக்கும்.”

வாத்தியார் அவளைப் பார்த்தார். “சைபரா?”

“ஆமா.”

“அவ்வளவு பேரு வந்தாங்களே?”

“வந்தவங்ககிட்ட வாங்க வேண்டியதை நீங்க வாங்கலையே.”

அவர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த குறியீட்டுப் படத்தை அதற்கு முன் பார்க்காதவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பாமலே கேட்டார். “இன்னைக்குச் சும்மான்னு சொல்லிட்டு, நாளைக்கு மாத்திக்கிட்டா?”

“என்னை நம்பலையா மாப்ள?”

“மச்சானை நம்புறேன். மேசையில உக்காந்திருக்கிறவரை நம்பலை.”

அண்ணி குறுக்கே வந்தாள். “மாத்துனா அன்னைக்கே அந்தத் தொகையைக் கொடுப்பாருன்னு எழுதிக்கோங்க. அஞ்சு வருஷத்துக்குன்னு போடுங்க. இவரை எனக்குத் தெரியாதா? என்கிட்டப் பண்ணுன சிகரெட் சத்தியமே மூணு நாள் தாங்கலை.”

“நீ யார் பக்கம்டி?” என்றார் அண்ணன்.

“பெயிண்ட் அடிக்கிறவங்க பக்கம்.”

அப்படியே எழுதினாள். குட்வில் இப்போதைக்கு இல்லை. தோற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் நாளில் இன்ன தொகை உண்டு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாத்தியார் தன் பாதிக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு, படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினார்.

வீட்டில் அவர் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“வேற எவனாவது வந்து அந்தப் பேரை விலைக்கு வாங்கியிருந்தா கணக்குல எழுதியிருப்பியா?”

“எழுதியிருப்பேன். காசு கொடுத்து வாங்குனா எழுதலாம்.”

“சம்பாதிச்சவன் எழுதக் கூடாது. வாங்குனவன் எழுதலாம்.”

“ஆமா. சம்பாதிச்சவன் தன் பேருக்கு என்ன வேணா விலை சொல்லுவான். வாங்குனவன் காசை எடுத்து வெச்சுட்டுச் சொல்றான். அதான்.”

“உங்க கணக்கு எழுதுறவங்க ரொம்ப விவரமானவங்க” என்றார். பாராட்டா குத்தலா என்று அவள் கேட்கவில்லை. துணி மடித்து முடிந்தது.

வருஷம் ஒன்று போனது. வாத்தியார் ஒரு லாரி ஆபீஸில் உட்கார்ந்த இடத்து வேலைக்குப் போனார். ஸ்கூலில் அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்தார் அண்ணன். ஆள் நல்லவன்தான், நேரத்துக்கு வருவான். ஆனால் நேரம் முடிந்தால் காரை விட்டு இறங்கிவிடுவான். தோற்றவர்களுக்கு மறுபடி வகுப்பு என்றால், “எக்ஸ்ட்ரா கிளாஸுக்கு எக்ஸ்ட்ரா சம்பளம் சார்” என்றான். அதில் தப்பு இல்லை. வாத்தியார் தன் பொழுதைச் சும்மா போட்டார். இவன் பொழுதுக்கு அண்ணன் காசு போட வேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் அந்த வரிக்கு விலை கொடுத்தது யார் என்று அண்ணனுக்கு மாதக் கடைசிகளில் தெரிய ஆரம்பித்தது. வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கை அந்த ஒரு வருஷமும் இழுத்துப் பிடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணன் பஸ்ஸில் வந்து அவள் பார்த்ததில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒரு கவரை டீப்பாய் மேல் வைத்தார்.

“என்னண்ணே?”

“அந்த எழுதி வெச்ச தொகை. வாங்க ஆரம்பிச்சுட்டேன்.”

“யார்கிட்ட?”

“தையல்காரம்மா பொண்ணு. பெயிலாயிடுச்சு. புதுப் பையன் எக்ஸ்ட்ரா கேக்குறான். நான் என்ன பண்ண? ரெண்டாவது தடவைக்கு இவ்வளவு ஆகும்மான்னு சொல்லிட்டேன்.” அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். “அந்தம்மா சண்டை போடும்னு நெனச்சேன். வாய் உள்ளவங்களாச்சே, ஊரைக் கூட்டப்போறாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணுமே பேசலை. பர்ஸைத் திறந்து காசை மேசையில வெச்சுட்டு, ரசீது கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ரசீது கேட்டதே இல்லை அந்தம்மா.”

“ராத்திரி சாப்பிடலை இவரு” என்றாள் அண்ணி. “நான்கூடச் சொன்னேன், யாருக்குத் தெரியப்போகுதுன்னு. கேக்கலை.”

“நீதானேடி எழுதச் சொன்னே?”

“எழுதத்தான் சொன்னேன்.”

வாத்தியார் கவரைத் தொடவில்லை. “பணம் ஏது மச்சான்?”

“மூணாவது காரை வித்துட்டேன். ரெண்டு காருக்கே இப்ப ஆளு கம்மிதான்.”

“கம்மியா?”

“வந்து, வாத்தியார் எங்கன்னு கேக்குறாங்க. முட்டி வலின்னு சொல்றேன். யோசிச்சுட்டு வரேன்னு போறாங்க.”

வாத்தியார் கவரை அண்ணன் பக்கம் தள்ளினார். “அப்ப எடுத்துட்டுப் போங்க. பேரு ஏற்கெனவே கிளம்பிடுச்சு. போன பொருளுக்கு எதுக்குக் காசு?”

“பேரு என்ன செருப்பாடா, போறப்ப மாட்டிக்கிட்டுப் போக?” அண்ணன் குரல் உயர்ந்தது. பழைய ‘டா’ வெளியே வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை. “இன்னும் இந்த ஊர்ல போர்டைப் படிச்சு எவன் வர்றான்? உன் பேரைக் கேட்டுத்தான் வர்றான். வர்றவன் கொடுக்கிறது என் டிராயர்லதான் விழுது. எடுத்து உள்ள வைடா.”

போன வருஷம் இவர் சொன்னதை அவரும், அவர் சொன்னதை இவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கவரைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“எழுதுனபடி கொடுத்தாச்சு. இதுக்கு மேல நீங்க ரெண்டு பேரும் பேச ஒண்ணும் இல்லை. அண்ணே, உன் கணக்குல இதைக் குட்வில்னு ஏத்தணும். நீ விலை கொடுத்து வாங்கிட்டேல்ல. ஏத்தினா, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கழிக்கணும். எத்தனை வருஷத்துல தேயும்னு ஒரு கணக்கு வேணும். அதிகபட்சம் பத்து.”

“பத்து போடு” என்றார் அண்ணன் உடனே. “பத்து வருஷத்துக்குத் தாங்கும் என் மாப்ள பேரு.”

“நாலு போடு” என்றார் வாத்தியார்.

“என்ன மாப்ள, உங்க பேரை நீங்களே குறைச்சுப் பேசுறீங்க?”

“குறைச்சுப் பேசலை மச்சான். தையல்காரம்மா இனிமே அளவெடுக்கிறப்ப என் கதையைச் சொல்ல மாட்டாங்க. அவங்க வாயிலதான் பாதி இருந்துச்சு. மீதி, எங்கிட்டக் கத்துக்கிட்டவங்க பிள்ளைங்க, இப்ப பதினாலு வயசுக்கு மேல இருக்கிறதுங்க. அதுங்க வண்டி ஓட்டுற வயசுக்கு வர்ற வரைக்கும் அப்பனும் ஆத்தாளும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. நாலு வருஷம். அஞ்சுகூட இழுக்காது.”

கார் டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்கு வேண்டியது காரணம். பத்துக்கு அண்ணனிடம் இருந்தது பாசம். நாலுக்கு இவரிடம் இருந்தது காரணம். அவள் நாலு என்று எழுதிக்கொண்டாள். அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருளை வாங்கிய அன்றே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சுண்டாது?

அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தபோது வாத்தியார் அண்ணனிடம் கேட்டார். “அந்தப் பொண்ணு என்ன ஆச்சு? காசு கட்டுச்சே, பாஸா?”

“எங்க! மறுபடியும் பெயில். ஏத்தத்துல நிறுத்தி எடுக்கிறப்ப வண்டி பின்னாடி வந்துடுது. அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு.”

வாத்தியாரின் கால் தரையை அழுத்தியது. வீட்டுத் தரையில் ஏற்றம் ஏது, இருந்தாலும் அழுத்தியது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை அதை வரச் சொல்லுங்க. உங்க புதுப் பையன் முன்னாடி பெடலைப் பாத்துக்கட்டும். நான் பின்சீட்டுல உக்காந்து சொல்றேன்.”

“அதுக்கு எவ்வளவு…” அண்ணன் இழுத்தார். “இல்ல, உங்களுக்கு நான் என்ன கொடுக்கணும்? கணக்குல எப்படிக் காட்டுறது பாப்பா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். கொடுத்த காசு இல்லை, வாங்கிய காசு இல்லை. பையனுக்கு மட்டும் அந்த எக்ஸ்ட்ரா.

“பையன் சம்பளத்தைச் சம்பளத்துல எழுது. இவர் உக்காந்து சொல்றதுக்கு எடம் கிடையாதுண்ணே” என்றாள். பிறகு கவரைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, “கார் வித்த ரசீது எங்க?” என்று கேட்டாள்.